‘பொருள் புரிந்தால் போதும்’ என்னும் வாதம்

எழுத்தில் கருத்துதான் முக்கியம், சொல் எதுவாக இருந்தால் என்ன என்ற எண்ணம் இன்று பரவலாக வேரூன்றியிருக்கிறது. அலுவலகக் குறிப்பு எழுதுகிறவர் முதல் பாடநூல் எழுதுகிறவர் வரை பலரும் இதைச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்கள். ஒரு சொல்லை எடுத்து, வைத்துப் பார்த்து, மாற்றி எழுதுகிறவருக்குப் ‘பண்டிதர்’ என்ற பட்டம் கிண்டலாகக் கிடைக்கிறது. பொருள் புரிகிறதல்லவா, பிறகென்ன என்பது இந்தக் கட்சியின் மூலமந்திரம்.

இந்த வாதம் பேச்சுக்கு உள்ள வசதி எழுத்துக்கும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. பேசும்போது ஒரு சொல் பிசகினால் குரல் காப்பாற்றும், முகக்குறி காப்பாற்றும். எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்கினால் உடனே திருத்திக்கொள்ளலாம். எழுத்துக்கு அந்தத் துணை கிடையாது. எழுதியவர் பதவி மாறிப் போயிருப்பார், சில நேரம் இறந்தும் போயிருப்பார். அவருடைய நல்லெண்ணம் அவரோடு போய்விடும். தாளில் மிஞ்சுவது சொல் மட்டுமே. பின்னால் வருகிறவர், அதிலும் எழுதியவர்மீது எந்தப் பரிவும் இல்லாதவர், படிக்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. இந்திய அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று வகுத்தது. ‘தேசிய மொழி’ என்ற தொடர் அங்கே இல்லை. 1949இல் கே.எம். முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் முன்னின்று உருவாக்கிய சமரசத்தில் அப்படித்தான் எழுதப்பட்டது. இந்தி தேசிய மொழிதானே என்று இன்றைக்கும் மேடையில் யாராவது சொன்னால், அரசியலமைப்பில் அப்படி இல்லை என்று ஒரே வரியில் மறுக்க முடிவது அதனால்தான். ஆங்கிலம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து 15 ஆண்டுகள் தொடரும் என்றும், அதற்குப் பிறகு வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் செய்துகொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. கெடு 1965 ஜனவரி 26.

இந்தி பேசாத மாநிலங்களின் அச்சத்தைப் போக்க 1959இல் ஜவாஹர்லால் நேரு மக்களவையில் ஒரு உறுதிமொழி தந்தார். மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் மாற்றுமொழியாக நீடிக்கும், அதை முடிவுசெய்யும் பொறுப்பு இந்தி அறியாத மக்களிடமே இருக்கும் என்பது அதன் சாரம். நோக்கம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. சொன்னவரின் நேர்மையை எதிர்க்கட்சிக்காரர்களும் சந்தேகித்ததில்லை. அந்த நோக்கத்தைச் சட்டமாக்க 1963இல் ஆட்சிமொழிச் சட்ட முன்வடிவு வந்தது. 15 ஆண்டுக் காலம் முடிந்த பின்னும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று அது சொன்னது. ஆங்கில மூலத்தில் அங்கே நின்ற வினைச்சொல் ‘மே’. இந்தி பேசாத மாநிலங்களின் உறுப்பினர்கள் அதை எடுத்துவிட்டு ‘ஷல்’ என்று போடச் சொன்னார்கள். ‘பயன்படுத்தப்படலாம்’ என்பதற்கும் ‘பயன்படுத்தப்பட வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் அந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது. மாநிலங்களவையில் சி.என். அண்ணாதுரையும் இந்த முன்வடிவு போதாது என்று வாதாடினார். இந்த இடத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பது நேருவின் நிலை. வேறுபாடு இல்லையென்றால் ‘ஷல்’ என்றே எழுதிவிடுவதில் என்ன தடை என்று கேட்டவர்களுக்குச் சரியான விடை கிடைக்கவில்லை. சொல் மாறாமலே சட்டம் நிறைவேறியது.

அடுத்த ஆண்டு மே மாதம் நேரு இறந்தார். உறுதிமொழியைத் தந்த வாய் மூடிவிட்டது. சட்டப் புத்தகத்தில் ‘லாம்’ நின்றது. 1965 ஜனவரி நெருங்கியபோது சென்னை மாநில மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று மறுபடியும் வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தது. 1967 இறுதியில்தான் திருத்தம் நிறைவேறியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு ஒன்றிய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற ‘ஷல்’ அதில் ஏறியது. இந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டுமானால் அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஒரே ஒரு வினைச்சொல்லால்தான் போராட்டம் வெடித்தது என்று சொல்வது மிகை. வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம், மானம் என்று அதற்குப் பல வேர்கள். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தால் சொல் எப்படியிருந்தாலும் சமாளிக்கலாம் என்று நம்பியவர்கள் நான்கு ஆண்டுக்குப் பிறகு அதே சட்டத்தைத் திறந்து அந்தச் சொல்லையே எழுத வேண்டியிருந்தது.

ஒரு சொல்லைச் சேர்ப்பதைப் போலவே ஒரு சொல்லை எடுப்பதும் எழுத்துதான். அரசியலமைப்பு வரைவில் பேச்சுரிமைக்கு விதிக்கத்தக்க தடைகளின் பட்டியலில் ‘ராஜத் துரோகம்’ இடம்பெற்றிருந்தது. திலகரையும் காந்தியையும் சிறைக்கு அனுப்பிய குற்றத்தின் பெயர் அது. 1948 டிசம்பரில் முன்ஷி கொண்டுவந்த திருத்தத்தால் அந்தச் சொல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் அரசின் பாதுகாப்பைக் குலைப்பது, அரசைக் கவிழ்க்க முனைவது என்ற பொருளில் குறுகலான தொடர் வந்தது. இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று அன்றைக்குப் பலர் நினைத்திருப்பார்கள். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் மாநிலத்துக்குள் வரத் தடை போட்டது. சென்னைச் சட்டம் பயன்படுத்திய தொடர் ‘பொதுப் பாதுகாப்பு’. அரசியலமைப்பு அனுமதித்ததோ ‘அரசின் பாதுகாப்பு’. மேலோட்டமாகப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றே. உச்ச நீதிமன்றத்துக்கு அப்படியில்லை. முதலாவது அகலமானது, தெருச் சண்டையையும் அதற்குள் அடக்கலாம். இரண்டாவது அப்படி இடம் தராதது. நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தடையை ரத்துசெய்தது. வரைவிலிருந்து ‘ராஜத் துரோகம்’ எடுக்கப்பட்டதையும் அந்தத் தீர்ப்பு ஒரு சான்றாகவே எடுத்துக்காட்டியது. ஏட்டில் இல்லாத சொல் ஒரு பத்திரிகையைக் காப்பாற்றிய கதை இது.

அரசுக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. 1951இல் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து ‘பொது ஒழுங்கு’ என்ற தொடரைப் பட்டியலில் சேர்த்தது. சொல் முக்கியமில்லை என்று எழுத்தாளர்கள் சொல்லலாம். ஆட்சியாளர்கள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. அதே திருத்தத்தில் ‘கட்டுப்பாடுகள்’ என்பதற்கு முன்னால் ‘நியாயமான’ என்ற அடைமொழியும் ஏறியது. கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல் போன்ற மற்ற உரிமைகளுக்கு அந்த அடைமொழியை ஏற்கெனவே 1948இல் தாகூர் தாஸ் பார்கவா கேட்டு வாங்கியிருந்தார். அது இல்லாமலிருந்தால் சட்டமன்றம் எதைக் கட்டுப்பாடு என்று சொல்கிறதோ அதுவே கட்டுப்பாடு. நீதிமன்றம் உள்ளே நுழைய வாசல் இல்லை. அடைமொழி வந்ததும் ‘நியாயமா?’ என்ற கேள்வியைக் கேட்கும் அதிகாரம் நீதிபதிக்கு வந்துவிட்டது. சென்னையில் மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று அரசு அறிவித்ததை எதிர்த்து வி.ஜி. ராவ் தொடுத்த வழக்கு 1952இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கான அளவுகோலை நீதிமன்றம் வகுத்தது. அந்த அளவுகோல் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அடைமொழிகளை அலங்காரம் என்று வெட்டித் தள்ளச் சொல்கிற எழுத்துப் பயிற்சிகள் இந்த ஒன்றையாவது விட்டுவைத்தால் நல்லது.

மறுதரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. எவ்வளவு பார்த்து எழுதினாலும் பின்னால் வருகிறவர் தமக்கு வேண்டிய பொருளை ஏற்றிவிடுவார், ஆகவே அந்தப் பாடெல்லாம் வீண் என்று அவர்கள் சொல்வார்கள். இதற்கு அரசியலமைப்பிலேயே அவர்களுக்குச் சான்றும் உண்டு. உயிருக்கும் உடல் சார்ந்த சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவில் முதலில் இருந்த தொடர், அமெரிக்க அரசியலமைப்பின் ‘டியூ பிராசஸ்’. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது முறையானதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்க நீதிமன்றத்துக்கு இடம் தரும் தொடர் அது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார்; அந்தத் தொடர் நீதிபதிகளின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுக்கும் என்ற எச்சரிக்கையோடு திரும்பினார். வரைவுக் குழு ஜப்பானிய அரசியலமைப்பைப் பின்பற்றிச் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று மாற்றி எழுதியது. அரசியலமைப்பு நிர்ணய அவையில் இதை எதிர்த்து வந்த திருத்தம் 1948 டிசம்பரில் தோற்றது.

1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், நடைமுறை என்று இருந்தால் மட்டும் போதாது, அது நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. வரைவுக் குழு வேண்டுமென்றே வெளியே விட்ட பொருள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பார்த்தீர்களா, சொல்லைத் தேர்ந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் இங்கே ஒரு கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள். 1950க்கும் 1978க்கும் இடையில் 28 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியின் தொடக்கத்தில் ஏ.கே. கோபாலன் இருக்கிறார். 1947 டிசம்பர் முதல் அடுத்தடுத்த உத்தரவுகளால் அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கம்யூனிஸ்ட் தலைவர், தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்துச் சென்னை மாநில அரசுமீது வழக்குத் தொடுத்தார். நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது, அதில் ஒரு நடைமுறை இருக்கிறது, 21ஆம் பிரிவு கேட்பது அவ்வளவுதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1950 மே மாதம் தீர்ப்பளித்தார்கள். அந்தப் பொருள்கோளில் நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார். காவலின் காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவு ரத்தானது. சட்டத்தின் மற்ற பகுதி நின்றது, கோபாலன் உள்ளேயே இருந்தார். தேர்ந்தெடுத்த சொல்லுக்கு ஆற்றல் இல்லை என்றால் அவரை உள்ளே வைத்தது எது?

சொல்லை மீறிப் பொருள்கொள்ள முடியும் என்பதால் சொல் கட்டுப்படுத்தவில்லை என்று ஆகிவிடாது. மீறுவதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் சொல்லின் பலம் தெரிகிறது. நீதிபதிகள் நியமனத்தில் குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியைக் ‘கலந்தாலோசிக்க’ வேண்டும் என்று அரசியலமைப்பு எழுதியது. ‘இசைவு’ பெற வேண்டும் என்று மாற்றச் சொல்லிச் சென்னையிலிருந்து சென்ற உறுப்பினர் பி. போக்கர் சாகிப் கொண்டுவந்த திருத்தத்தை 1949 மே மாதம் அம்பேத்கர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் எல்லாரையும்போல் குறைகள் உள்ள மனிதர், அவர் கையில் மறுப்பதிகாரம் கொடுக்கலாகாது என்பது அவர் காரணம். 1993இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, கலந்தாலோசனையில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது, நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் பிறந்தது. அன்று தொடங்கிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஓயாமல் இருப்பதற்குக் காரணம், ஏட்டில் ‘கலந்தாலோசனை’ என்ற சொல் அப்படியே இருந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் கேள்வி கேட்பதுதான்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்றால் எப்போதும் இறுக்கமான சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்று பொருளில்லை. நெகிழ்வு தேவைப்படும் இடமும் உண்டு. ‘நியாயமான’ என்பதே நெகிழ்வான சொல்தான். இன்னின்னது நியாயம் என்று பட்டியல் போட்டிருந்தால் அது பத்தாண்டில் பழசாகியிருக்கும். ஆனால் நெகிழ்வை யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும். ‘நியாயமான’ என்ற சொல் தீர்ப்பை நீதிபதியிடம் கொடுத்தது. ‘கூடிய விரைவில்’ என்பது வேறு வகை. நாடாளுமன்றம் அனுப்பும் முன்வடிவைத் திருப்பி அனுப்பக் குடியரசுத் தலைவருக்கு ஆறு வாரக் கெடு வைத்திருந்த வரைவு, 1949இல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் ‘கூடிய விரைவில்’ என்று மாறியது. எச்.வி. காமத் அதை எதிர்த்தார். ஆளுநருக்கான 200ஆம் பிரிவிலும் அந்தத் தொடரே அமர்ந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அனுப்பிய முன்வடிவுகள் ஆளுநர் மாளிகையில் கிடந்தபோது, எத்தனை நாள் கடந்தால் அது ‘விரைவு’ இல்லை என்று ஏட்டைக் காட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் காலக்கெடு வகுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள், அப்படி வகுக்க இடமில்லை என்று கருத்துரைத்தார்கள். நாளும் கெடுவும் இல்லாத தொடர், காத்திருக்க முடிந்தவருக்கே சாதகமாகும். ‘தக்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மனுவுக்குப் பதில் எழுதும் அலுவலருக்கு இது நன்றாகத் தெரியும். யார் எடுப்பார், என்ன எடுப்பார், எப்போது எடுப்பார் என்ற மூன்றில் ஒன்றுகூட அந்த வாக்கியத்தில் இல்லை. பொருள் மட்டும் புரிகிறது.

இதெல்லாம் சட்டம் எழுதுகிறவர்களின் கவலை, சாதாரண எழுத்துக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள், சாதாரண எழுத்தில்தான் வாசகர் தற்காப்பு இல்லாமல் படிக்கிறார் என்பதை மறக்கிறார்கள். சட்டத்தை இரு தரப்பு வழக்கறிஞர்களும் கிழித்துப் பார்ப்பார்கள். காலையில் தேநீரோடு படிக்கும் தலைப்பை யார் அப்படிப் பார்க்கப்போகிறார்? சாதி மாறிக் காதலித்த பெண்ணையோ பையனையோ உறவினர் வெட்டிக் கொன்றால், தமிழ் நாளிதழ்கள் நெடுநாள் அதைக் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதின. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே பெயர்த்த தொடர். கொன்றவர் தம் செயலுக்குச் சொல்லும் காரணத்தையே பத்திரிகை பெயராக வைத்துக்கொடுத்ததை நெடுநாள் யாரும் கவனிக்கவில்லை. ‘ஆணவக் கொலை’ என்று எழுதத் தொடங்கிய பிறகு அந்தச் சான்றிதழ் நின்றது. இன்று தனிச்சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் அந்தப் பெயரோடுதான் எழுகிறது. பெயர் மாறியதால் கொலை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. கொலைகாரரின் தரப்பிலிருந்து செய்தி எழுதப்படுவது குறைந்திருக்கிறது.

தேர்ந்த சொல் என்றால் அரிய சொல் என்ற குழப்பம் ஒன்றும் இந்த எதிர்ப்புக்குத் தீனி போடுகிறது. அகராதியைப் புரட்டி யாருக்கும் தெரியாத சொல்லை எடுத்துப் போடுவது கவனம் இல்லை. பெரும்பாலும் கவனக்குறைவின் இன்னொரு வடிவம். தமிழ் இலக்கண மரபும் அதற்கு இடம் தரவில்லை. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும் நன்னூல் ‘மயங்க வைத்தல்’ என்பதை அவற்றில் ஒன்றாக வைக்கிறது. அழகுகளின் வரிசையில் ‘விளங்க வைத்தல்’ முன்னால் நிற்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவர் பண்டிதர்தான். ஆனால் இன்றைக்குப் பண்டிதத்தனம் என்று கிண்டல் செய்யப்படும் எதையும் அவர் பரிந்துரைக்கவில்லை.

கடைசியாக மிஞ்சுவது நேரமில்லை, இடமில்லை என்ற சாக்கு. செய்தி அறையில் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பார்கள். தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளலாம்: ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’. வாக்கியத்தில் ஒரு கொலையாளி உண்டு, அது வாயு. அந்த மூவரும் கழிவுநீர்த் தொட்டிக்குள் எப்படிப் போனார்கள், யார் கூலி பேசினார்கள், முகக்கவசமும் கயிறும் யார் தரவில்லை என்ற எதற்கும் அந்தத் தலைப்பில் இடமில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. குற்றம் என்று சட்டம் சொல்வதைத் தலைப்பு இயற்கைச் சீற்றம்போல எழுதுகிறது. செய்தியாளருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கைக்கு வந்த தொடரை எடுத்து வைத்துவிட்டார், அவ்வளவுதான். பொருளும் புரிந்துவிட்டது. ‘தொட்டிக்குள் இறக்கப்பட்ட மூவர் பலி’ என்று எழுதியிருந்தாலும் நான்கே சொற்கள்தான், பத்தியில் கூடுதல் இடம் பிடிக்காது. ஆனால் ‘இறக்கப்பட்ட’ என்று எழுத வேண்டுமானால், இறக்கியது யார் என்று செய்தியாளர் காவல் நிலையத்துக்கோ தெருமுனைக்கோ போய் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.